கண்ணை அளந்த அறிஞர்

ஐம்பொறிகளுள் தலைமை வாய்ந்தது கண். அக்கண்ணைக் காத்தற்கென இயற்கை அமைத்த கதவுகளே இமைகள். அன்பிற்குரியாரைக் கண்ணை இமை காப்பது போலக் காப்பர் என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. விழித்திருக்கும் பொழுதெல்லாம் இமைகள் ஒரு நிமிடத்திற்குப் பன்முறை தாமே மூடித் திறக்கின்றன; மூடுந்தோறும் கண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்பித் தூசியைத் துடைக்கின்றன. இங்ஙனம் காக்கும் இமைகளே கண்ணைச் சிறிது அழுத்தவும் செய்கின்றன என்பதைப் பலர் அறியார். கண்ணின் முகப்பில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போலத் தெளிந்து வளைந்து நிற்கும் ஒரு படலம் உண்டு. அதனைக் கார்னியா என்பர். இமையின் விளிம்பு அதன்மேல் படிந்து கிடத்தலால், அதன் வளைவு மயிரிழையினும் நுண்ணிய அளவில் மாறுபடக்கூடும். நெடுநேரம் குனிந்து நூல் படித்தவர் சிலர்க்கு, நிமிர்ந்து நோக்கும்போது பொருள்கள் சிறிது நேரம் நிழலொடு கூடினவாய்த் தோன்றுவது இதனாலேயாம்.

இத்துணைச் சிறிய அழுத்தத்தின் விளைவை அளந்தறிய வேண்டின், மூன்று செய்திகள் முன்னரே தெளிவாதல் வேண்டும். கண்ணின் ஒளி வளைக்கும் ஆற்றல் எல்லாத் திசைகளிலும் ஒரு தன்மைத்தா என்பது ஒன்று. அழுத்தப்பெற்ற பொருள் எவ்வளவு நெகிழும் என்பது மற்றொன்று. கண்ணீர் போன்ற நீர்மம் ஒரு பரப்பின்மேல் எவ்வாறு படர்ந்து நிற்கும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அளவைகளாலும் கணக்காலும் ஆராய்ந்து வழிகாட்டியவர் ஒருவரே. இமையின் அழுத்தத்தை அவர் அளந்தாரல்லர். அதனைப் பிற்காலத்தார் அளத்தற்கு வேண்டிய அடிப்படைகளை அமைத்தவர் அவர். அவரே தாமஸ் யங் என்னும் ஆங்கிலப் பேரறிஞர். தம் கண்ணையே ஆராய்ச்சிக் களமாகக் கொண்டு, தம் கருத்தையும் பிறர் கருத்தையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்த்த அப்பெரியாருடைய வரலாறு, கற்பார் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சாமர்செட் என்னும் கோட்டம் உளது. ஆங்குள்ள மில்வர்ட்டன் என்னும் சிற்றூரில், 1773ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் தாமஸ் யங் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதின்மருள் இவரே மூத்தவர். தந்தையார் துணி வாணிகம் செய்துவந்தார். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, ஆரவாரமற்ற வாழ்க்கை, வாய்மை தவறாத சொல் ஆகியவற்றைத் தம் நெறியாகக் கொண்டவர் அப்பிரிவினர். இளமையில் கண்ட அந்நெறி, வாய்மையை எதனினும் மேலாகப் போற்றும் பண்பை யங்கின் உள்ளத்தில் ஆழமாக ஊன்றியது.

இளம்பருவத்தில் இவர் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். இரண்டு வயதிலேயே தட்டுத் தடையின்றிப் படிக்கும் ஆற்றல் பெற்றார். நான்கு வயது நிரம்புமுன் விவிலிய நூல் முழுவதையும் இருமுறை படித்து முடித்தார். பள்ளியில் கற்றதினும் தாமே முயன்று கற்றதே மிகுதி. பதினான்காம் ஆண்டு எய்துமுன் கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், எபிரேயம் ஆகிய மொழிகளில் நல்ல பயிற்சி பெற்றார். அரபு, பாரசீகம் முதலிய கீழ்நாட்டு மொழிகளையும் தொட்டுப் பார்த்தார். நூற்கல்வியோடு கைத்தொழிலும் அவரைக் கவர்ந்தது. கடைசல் வேலையும் தொலைநோக்கி அமைக்கும் முறையும் கற்றார். மூளையும் கையும் ஒருங்கே பழகிய இப்பயிற்சி பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

யங்கின் அன்னைக்கு மாமனாகிய ரிச்சர்ட் பிராக்கில்ஸ்பி என்பவர் இலண்டனில் புகழ் பெற்ற மருத்துவராக விளங்கினார். அவர் யங்கின் நுண்ணறிவைக் கண்டு மகிழ்ந்து, அவர் மருத்துவக் கல்வி பெறுதற்கு ஊக்கமும் உதவியும் அளித்தார். யங் இலண்டன் மாநகர் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

கண்ணைப் பற்றிய முதல் வினா

நாம் தொலைவிலுள்ள மலையை நோக்குகின்றோம். அடுத்த நொடியே கையிலுள்ள நூலை நோக்குகின்றோம். இரண்டும் தெளிவாகவே தோன்றுகின்றன. புகைப்படக் கருவியாயின், சேய்மைக்கும் அண்மைக்கும் ஏற்ப அதன் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துதல் வேண்டும். கண்ணில் அவ்வாறு நகர்த்துவார் ஒருவருமிலர். அங்ஙனமாக, கண் தன்னைத் தானே எவ்வாறு அமைத்துக் கொள்கின்றது? கண்ணின் எப்பகுதி மாறுகின்றது? இவ்வினா அக்காலத்து அறிஞர்களைப் பெரிதும் மயங்கச் செய்தது. கார்னியாவின் வளைவு மாறுகின்றது என்றனர் சிலர். விழியுருண்டையே நீண்டு சுருங்குகின்றது என்றனர் வேறு சிலர். உள்ளிருக்கும் பளிங்கு போன்ற வில்லை தன் வடிவத்தை மாற்றிக்கொள்கின்றது என்றனர் மற்றுஞ் சிலர்.

யங் எருதின் கண்ணொன்றை அறுத்து ஆராய்ந்தார். அதன் வில்லையில் இழைகள் போன்ற அமைப்புகள் இருத்தலைக் கண்டார். அவை தசைநார்களே என்றும், அவை சுருங்குதலால் வில்லை திரண்டு அண்மைப் பொருளைக் காட்டுகின்றது என்றும் கருதினார். இக்கருத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அக்கட்டுரை 1793ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தில் படிக்கப்பெற்றது. அப்போது அவருக்கு அகவை இருபதும் நிரம்பவில்லை. மறு ஆண்டில், இருபத்தொன்று நிரம்பிய சில நாள்களில், அப்பெருங்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

புகழ் வந்த வழியே பழியும் வந்தது. ஜான் ஹண்டர் என்னும் பெயர் பெற்ற அறுவை மருத்துவர், அக்கருத்தைத் தாம் முன்னரே கொண்டிருந்ததாகக் கூறினார். பிறர் உரையாடலில் கேட்டதையே யங் தமதாக எழுதினார் என்ற அலரும் எழுந்தது. ஹண்டர் விரைவில் காலமாயினார். பின்னர் அவர் மைத்துனராகிய எவரார்டு ஹோம் என்பவரும், கருவிகள் செய்வதில் நிகரற்றவராகிய ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்பவரும் கூடி இவ்வினாவை ஆராய்ந்தனர். நுண்பெருக்கியால் கார்னியாவை நோக்கி, அதன் வளைவே மாறுகின்றது என்று 1794ஆம் ஆண்டில் அறிவித்தனர். வில்லை நீக்கப்பெற்ற ஒருவர் கண்ணும் சேய்மைக்கும் அண்மைக்கும் ஏற்ப அமைகின்றது என்றும் அவர்கள் சான்று காட்டினர். வில்லையே இல்லாத கண்ணும் அவ்வாறு அமையுமாயின், வில்லையின் மாற்றமே காரணம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இளைஞராகிய யங் என் செய்தார்? கழகத்தில் இடம் தேடித் தந்த கருத்து அது. அதனைக் கைவிடின் இளமையிலேயே எய்திய புகழ் குன்றும். ஆயினும், எதிர்த் தரப்பார் காட்டிய சான்று தம் சான்றினும் வலிதாகத் தோன்றியமையால், அவர் தம் கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தாம் கொண்டதே சரியென வாதிட்டுப் பொழுது போக்கினாரல்லர், மாற்றாரை இகழ்ந்தாருமல்லர். ஆனால் அவ்வினாவை உள்ளத்தினின்று அகற்றவும் இல்லை. எரு இட்ட நிலத்தில் விதை கிடப்பது போல அஃது அவருள்ளத்தில் கிடந்தது.

அடுத்த சில ஆண்டுகள் கல்வியிற் கழிந்தன. எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1796ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1797ஆம் ஆண்டில் பிராக்கில்ஸ்பி காலமானபோது, தம் இல்லத்தையும் பெரும்பொருளையும் யங்கிற்கு வைத்துச் சென்றார். அதனால் யங் வறுமைக் கவலையின்றி ஆராய்ச்சியில் ஈடுபட முடிந்தது.

தம் கண்ணையே அளத்தல்

இலண்டனில் மருத்துவத் தொழில் தொடங்கிய யங், பழைய வினாவை மீண்டும் எடுத்துக்கொண்டார். இம்முறை இறந்த எருதின் கண்ணை நாடவில்லை. உயிருள்ள கண்ணை, அதுவும் தம் கண்ணையே, அளக்கத் துணிந்தார். அவர் கண்கள் சற்று முன்னோக்கி அமைந்திருந்தமை இதற்கு வாய்ப்பாயிற்று.

விழியுருண்டை நீளுகின்றதா என்பதை முதற்கண் ஆராய்ந்தார். கண்ணை மூக்கின் பக்கமாக இயன்ற மட்டும் திருப்பிக்கொண்டு, சிறிய சாவியொன்றின் வளையத்தைக் கண்ணின் வெளிக்கோடி வழியே உட்செலுத்தி விழியின் பின்புறத்தில் பொருத்தினார். மற்றொரு வளையத்தை முன்புறத்தில் பொருத்தினார். விழியை ஓரிடத்தில் அழுத்தினால், ஒளியில்லாத விடத்தும் ஒளிவட்டம் ஒன்று தோன்றும். பின்வளையம் விழித்திரையின் நடுப்பகுதியை எய்தியபோது, அவ்வொளிவட்டம் அவர் பார்வையின் நேரே தோன்றியது. அந்நிலையில் இரு வளையங்களுக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து, தம் விழியின் நீளம் ஓர் அங்குலத்திற்குச் சிறிது குறைவு எனக் கண்டார். பின்னர், வளையங்கள் அவ்வாறே இருக்க, சேய்மைப் பொருளையும் அண்மைப் பொருளையும் மாறி மாறி நோக்க முயன்றார். விழி நீளுமாயின் வளையம் மேலும் அழுந்தி ஒளிவட்டம் பெரிதாதல் வேண்டும். அது சிறிதும் மாறவில்லை. ஆதலின் விழி நீளவில்லை என்பது தெளிவாயிற்று. இது பெருந்துன்பமும் இடரும் தரும் சோதனை. பிறர் எவரும் செய்யத் தகாதது. அறிவு வேட்கையால் அவர் அதனைத் தம் உடம்பின்மீதே செய்துகொண்டார். பிறர் உடம்பை அதற்கு இரையாக்கவில்லை.

அடுத்து, கார்னியாவை ஆராய்ந்தார். வளைந்த கண்ணாடியில் விளக்கின் உருவம் தோன்றுவது போலக் கார்னியாவிலும் மெழுகுவர்த்திச் சுடரின் உருவம் சிறிதாகத் தோன்றும். கார்னியாவின் வளைவு மாறினால் அவ்வுருவமும் மாறுதல் வேண்டும். அத்தகைய மாற்றம் யாதும் அவருக்குப் புலப்படவில்லை. எனினும் அவர் அதனோடு அமைதி கொள்ளவில்லை. ஐயத்திற்கு இடமின்றி முடிவு காண ஓர் அரிய சூழ்ச்சியை வகுத்தார்.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் பொருள்கள் மங்கித் தோன்றும் என்பதை நீரில் மூழ்கி விளையாடுவோர் அறிவர். கார்னியாவும் நீரும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பன. ஆதலின் நீர் தொட்டவுடன் கார்னியாவின் வளைவு பயனற்றதாகிவிடும். இதனை உணர்ந்த யங், சிறிய நுண்பெருக்கியொன்றின் வில்லையை ஒரு குழியில் பதித்து, விளிம்பை மெழுகால் அடைத்து, அதனுள் குளிர்ந்த நீர் வார்த்துத் தம் கண்ணோடு பொருத்திக்கொண்டார். கார்னியா நீரில் தோய்ந்து செயலற்றது. குறைந்த ஆற்றலை வேறொரு வில்லையால் ஈடு செய்தார். பின்னர்ச் சேய்மையையும் அண்மையையும் நோக்கியபோது, கண் முன்போலவே தன்னை அமைத்துக்கொண்டது! கார்னியா செயலற்ற நிலையிலும் அவ்வாற்றல் குன்றவில்லையாயின், அதற்குக் காரணம் கார்னியா அன்று என்பது வெள்ளிடை மலையாயிற்று.

இனி எஞ்சியது வில்லை ஒன்றே. கண்புரை காரணமாக வில்லை நீக்கப்பெற்றோர் பலரை யங் நேரிற் கண்டு சோதித்தார். அவர்கள் கண்களில் அவ்வாற்றல் இல்லாமையைக் கண்டார். முன்னர்த் தம்மைப் பின்வாங்கச் செய்த சான்று பிழையானது என்பதையும் அறிந்தார். ஏழாண்டுகட்கு முன் தாம் கூறியதே உண்மை என 1800ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இராயல் கழகத்தில் நிகழ்த்திய பேருரையால் நிலைநாட்டினார். அன்று விட்டுக்கொடுத்ததும் சான்றுக்காகவே. இன்று மீட்டுக்கொண்டதும் சான்றினாலேயே என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

தேடாது கிடைத்த செல்வம்

கிணறு வெட்டப் புதையல் கிடைத்தது போல, இவ்வாராய்ச்சியில் மற்றொரு புதிய உண்மையும் அவருக்குக் கிட்டியது. எவ்வளவு தொலைவிலுள்ள பொருள் தெளிவாகத் தெரிகின்றது என்பதை அளக்கும் பார்வைமானி ஒன்றை அவர் திருத்தி அமைத்திருந்தார். அதில் நெருக்கமான இரு சிறு பிளவுகளின் வழியே ஒரு கோட்டை நோக்கினால், அஃது ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளாகத் தோன்றும். வெட்டும் இடமே பார்வை தெளியும் இடம். அக்கருவியால் தம் கண்ணை அளந்தபோது, நெடுக்குவாட்டில் விரியும் கதிர்களுக்குப் பத்து அங்குலத் தொலைவும், கிடைவாட்டில் விரியும் கதிர்களுக்கு ஏழு அங்குலத் தொலைவும் வரக் கண்டார். அஃதாவது, கண்ணின் வளைக்கும் ஆற்றல் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இல்லை. இக்குறையை இக்காலத்தார் பார்வைச் சிதறல் என்பர். ஆஸ்டிக்மாட்டிசம் என்னும் பெயராலும் வழங்குவர். இதனை முதன்முதல் கண்டறிந்து அளவோடு விளக்கியவர் யங்கே ஆவர்.

நீர்ச்சோதனையின்போதும் இக்குறை நீங்காமையால், தம் கண்ணில் அதற்குக் காரணம் கார்னியா அன்று, வில்லையே என்றும் தெளிந்தார். ஆனால் பிறர் பலரிடம் கார்னியாவின் வளைவு ஒழுங்கற்றிருத்தலே இக்குறைக்குப் பெருங்காரணம் எனப் பிற்கால ஆராய்ச்சியால் விளங்கியது. இமையின் அழுத்தம் சிறப்புப் பெறுவது இவ்விடத்தேதான். கார்னியாவின் வளைவு திசைக்குத் திசை வேறுபடுதற்கு இமைகள் அதன்மேல் அழுந்துதலும் ஒரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

பொருள்களின் இயல்பை ஆராய்தல்

1801ஆம் ஆண்டில் யங், இலண்டன் இராயல் நிறுவனத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். இயக்கம், நீர், ஒலி, ஒளி, வானம் முதலிய பல துறைகளைப் பற்றியும் விரிவுரைகள் ஆற்றினார். பொருட்செறிவு மிக்க அவ்வுரைகள் கேட்போர்க்கு எளியனவாக இல்லை. ஈராண்டுகளில் அப்பதவியினின்று விலகினார். ஆயினும் அவ்விரிவுரைகளைத் திருத்தி 1807ஆம் ஆண்டில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்.

அந்நூலில், ஒரு பொருளை இழுத்தாலும் அழுத்தினாலும் அஃது எவ்வளவு நீளும், எவ்வளவு குறுகும் என்பதை அப்பொருளுக்கே உரிய ஓர் எண்ணால் குறிக்கலாம் என விளக்கினார். அக்கருத்தினின்று திருந்திய அளவு இன்றும் யங் குணகம் என அவர் பெயராலேயே வழங்குகின்றது. பாலம் கட்டுவோர் இரும்பின் உறுதியைக் கணிப்பதற்கும், கண் ஆராய்ச்சியாளர் கார்னியாவின் நெகிழ்ச்சியைக் கணிப்பதற்கும் அதுவே துணை செய்கின்றது. இதற்குமுன், 1805ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றில், நீர்த்துளி திரண்டு நிற்பதற்கும், ஒரு பரப்பின்மேல் படர்வதற்கும் காரணமாகிய பரப்பு இழுவிசையைப் பற்றி ஆராய்ந்திருந்தார். இமை மூடித் திறக்குந்தோறும் கண்ணீர் கண்ணின்மேல் மெல்லிய படலமாக விரிந்து நிற்பதும் அவ்விசையோடு தொடர்புடையதேயாம்.

இகழ்ச்சியும் பொறுமையும்

யங்கின் பெயரை உலகம் பெரிதும் நினைப்பது ஒளியைப் பற்றிய அவர் ஆராய்ச்சிக்காகவே. ஒளி நுண்ணிய துகள்களால் ஆயது என்று பேரறிஞர் நியூட்டன் கருதினார். நூறு ஆண்டுகளாக ஆங்கில நாட்டில் அதனை மறுத்துரைப்பார் அரியராயினர். குளத்தில் இரு கற்களை எறிந்தால் இரண்டு அலைத்தொகுதிகள் எழுகின்றன. அவை கூடும் இடங்களில், சிலவிடத்து அலை உயர்கின்றது. சிலவிடத்து நீர் அசைவற்று நிற்கின்றது. ஒளியும் அத்தகைய அலையே என்று கொண்ட யங், சிறு துளை வழியே வந்த கதிரவன் ஒளியின் நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை நிறுத்தினார். அட்டையின் இருபுறமும் வளைந்து சென்ற ஒளி, அதன் நிழலில் வண்ணக் கோடுகளை உண்டாக்கியது. ஒரு பக்கத்து ஒளியைத் தடுத்தவுடன் அக்கோடுகள் மறைந்தன. ஒளியோடு ஒளி கூடி இருளும் பிறக்கக்கூடும் என்பதை 1803ஆம் ஆண்டில் அவர் இவ்வாறு எடுத்துக்காட்டினார்.

அவ்வரிய கருத்தை நாடு போற்றவில்லை. ஹென்றி புரூம் என்பவர் எடின்பரோவிலிருந்து வெளிவந்த காலாண்டு ஆய்விதழொன்றில் தம் பெயரை மறைத்துக்கொண்டு, யங்கின் கட்டுரைகளைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்து எழுதினார். யங் 1804ஆம் ஆண்டில் மறுமொழி எழுதிச் சிறு நூலாக வெளியிட்டார். அதில் ஒரே ஒரு படிதான் விலைபோயிற்று என்பர். எனினும் அவர் மனம் தளரவில்லை. தம் உண்மை தானே வெளிப்படும் நாளை எதிர்நோக்கி வேறு பணிகளில் ஈடுபட்டார். பத்தாண்டுகட்குப் பின் ஃபிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒளி அலைக் கொள்கையைக் கணக்கு முறையால் வலியுறுத்தி நிலைநாட்டினார். அன்று நகைத்தோர் வாய் அடங்கியது.

பிற பணிகளும் இறுதியும்

1804ஆம் ஆண்டில் யங், எலிசா மாக்ஸ்வெல் என்னும் நங்கையாரை மணந்து இனிய இல்லறம் நடத்தினார். 1811ஆம் ஆண்டு முதல் இலண்டனிலுள்ள செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். ஓய்ந்த நேரங்களில் எகிப்து நாட்டுப் பழைய பட எழுத்துகளைப் படிக்க முயன்றார். ரொசெட்டாக் கல்லில் மூவகை எழுத்தில் பொறிக்கப்பெற்ற செய்தியை 1814ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து, அரசர் பெயர் சிலவற்றின் எழுத்துகளை உணர்ந்தார். அவ்வழியில் மேலும் சென்று 1822ஆம் ஆண்டில் அவ்வெழுத்தின் முறையை விளக்கிய புகழ் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் என்பவரைச் சார்ந்தது.

நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோதும் யங் எகிப்திய மொழி அகராதியொன்றைத் தொகுத்துவந்தார். பேனாவைப் பிடிக்கும் வலிமை கை இழந்தபோது, பென்சிலால் எழுதினார். 1829ஆம் ஆண்டு மே திங்கள் 10ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் அகவை நிறையுமுன், இலண்டனில் உயிர் நீத்தார். கெண்ட் கோட்டத்திலுள்ள பார்ன்பரோ என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பெற்றார். வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் அவர் நினைவாகக் கல்வெட்டு ஒன்று நாட்டப்பெற்றுள்ளது.

அவருக்குப் பின்

பெரியோர் ஊன்றிய விதை அவர்கள் மறைந்த பின்னரும் வளர்ந்து பயன் தரும். பார்வைச் சிதறலால் இடர்ப்பட்ட ஜார்ஜ் ஏரி என்னும் வானநூலறிஞர், யங் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1825ஆம் ஆண்டில், உருளை வடிவாகக் கடைந்த வில்லையால் தம் குறையைப் போக்கிக்கொண்டார். இன்று உலகெங்கும் எண்ணற்றோர் அத்தகைய மூக்குக்கண்ணாடிகளை அணிந்து தெளிந்த பார்வை பெறுகின்றனர். கண்ணை அளக்கும் நுண்கருவிகளை அமைத்த ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர், 1855ஆம் ஆண்டில், வில்லையே வடிவம் மாறுகின்றது என்பதை ஐயமற உறுதிப்படுத்தினார். வில்லையின் இழைகளைத் தசைநார் என யங் எண்ணியது மட்டும் பொருந்தவில்லை. வில்லையைச் சூழ்ந்துள்ள தசையொன்றே அம்மாற்றத்தை விளைவிக்கின்றது என்பது பின்னர் அறியப்பெற்றது.

இமையின் அழுத்தத்தை அளக்கும் முயற்சியும் பிற்காலத்தில் கைகூடியது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், மிக மெல்லிய அழுத்த உணர்வியைக் கண்ணில் பொருத்தும் கடிய வில்லையோடு இணைத்து மேலிமையின் அடியில் வைத்து அளந்தனர். 2010ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மேலிமையின் அழுத்தம் சராசரியாகப் பாதரசத்தை 8 மில்லிமீட்டர் உயரம் தாங்கும் அளவினது. நலமுள்ள விழியின் உள்ளழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதனோடு ஒப்பிட்டால் இமையின் அழுத்தம் புறக்கணிக்கத் தக்கதன்று என்பது புலனாகும். சாவி வளையங்களையும் மெழுகையும் சிறிது நீரையும் கொண்டு யங் தொடங்கிய கண்ணளவை, இங்ஙனம் நுட்பத்தின் எல்லையை நோக்கி வளர்ந்துள்ளது.

யங்கின் வாழ்க்கையில் பெரிதும் போற்றத் தக்கது அவர் பன்மொழிப் புலமையன்று; பல்துறை அறிவுமன்று. தாம் கொண்ட கருத்துக்கு மாறாகச் சான்று எழுந்தபோது அதனை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையும், விட்டபின் வாளா இராமல் மீண்டும் அளந்து பார்த்த உறுதியுமே அவர்தம் உண்மைச் சிறப்புகள். தம் கருத்தின்மேல் கொண்ட பற்று பலர்க்கு அறிவுக் கண்ணை மறைக்கும் புரையாகின்றது. அப்புரை தம்மிடம் படியாதபடி காத்துக்கொண்டவர் தாமஸ் யங். அளவாமல் முடிவு கூறாமையும், அளந்தபின் அஞ்சாமையும் கற்பவர்க்கு இன்றியமையாத இரு பண்புகளாம்.